பொறாமை என்று பெயர் வைப்பதற்கு முன்னால்

வாசகி எழுதியது:

"டாக்டருக்கு வணக்கம்ங்க. நாங்கள் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கு 28 வயது. மகளுக்கு நாலே கால் வயது, எல்கேஜி போகிறாள். மகனுக்குப் பத்து மாதம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். அப்பாவைப் பார்க்காமல் பாப்பா தூங்க மாட்டாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு மூன்று மாதமாகப் பாப்பாவின் போக்கே சரியில்லை. ஒழுங்காகப் பாத்ரூம் போய்க்கொண்டிருந்தவள் பகலிலேயே ஜட்டியை நனைக்கிறாள். தம்பியைத் தள்ளுகிறாள், கிள்ளுகிறாள். அவன் குடிக்கிற பால் பாட்டில் தனக்கும் வேண்டும் என்று அழுகிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அதுவும் செல்போன் இருந்தால்தான். பால் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பாள். போன வாரம் பொறுக்க முடியாமல் கரண்டியால் காலில் அடித்துவிட்டேன். தடித்துப்போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 'தம்பி மேல பொறாமை, நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட' என்கிறார் அத்தை. இந்தப் பொறாமைக்கு என்ன வைத்தியம்? மனநல டாக்டரிடம் காட்ட வேண்டுமா?"

பதில்:

பொறாமைக்கு வைத்தியம் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில் மூத்தது எது செய்தாலும் 'பொறாமை' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறோம். சீட்டு ஒட்டிய டப்பாவை அப்புறம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டப்பாவுக்குள் தூக்கக் குறைவு இருக்கிறது, நேரம் தப்பிய பசி இருக்கிறது, அநேகமாக மலச்சிக்கலும் இருக்கிறது.

ஜட்டி நனைவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டியது. மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று பகலில் நனைக்க ஆரம்பித்தால், மனசை ஆராய்வதற்கு முன்னால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று சாதாரணமாக வருகிற ஒன்று. போகும்போது எரிகிறது என்று அழுகிறாளா, நாற்றம் மாறியிருக்கிறதா, அடிவயிறு வலிக்கிறது என்கிறாளா, காரணம் தெரியாத காய்ச்சல் வந்ததா என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றாலும் ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது. இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்கிறாள், அடிக்கடி சிறுநீர் போகிறாள், உடம்பும் மெலிகிறது என்றால் அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்.

இவை இரண்டும் இல்லையென்றால் நான் சந்தேகப்படுவது மலச்சிக்கலை. பாப்பா எப்படி வெளிக்குப் போகிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. பெரும்பாலான அம்மாக்களும் எழுதுவதில்லை. பிள்ளை தானாகக் கழுவக் கற்றுக்கொண்டதும் நாம் கவனிப்பதை விட்டுவிடுகிறோம். மலம் இறுகி உள்ளேயே தேங்கிக் கிடந்தால், பக்கத்திலேயே இருக்கிற மூத்திரப்பையை அது அழுத்தும். அப்போது கொஞ்சம் சேர்ந்தாலே அவசரமாக வரும், ஓடுவதற்குள் நனைந்துவிடும். பால் நிறைய, சோறும் காயும் குறைவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் கூடுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் போகிறாளா, கல் மாதிரி போகிறாளா, வரும்போது காலைப் பின்னிக்கொண்டு மூலையில் போய் நிற்கிறாளா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

கூடவே அவள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். கொண்டுபோன தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறதா? எல்கேஜி பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிவறைக்குப் போகவே மாட்டார்கள். இருட்டாக இருக்கும், ஈரமாக இருக்கும், மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சம். காலையிலிருந்து அடக்கிக்கொண்டே வந்து வீட்டு வாசலில் விட்டுவிடுவார்கள். நாம் அதைப் பார்த்து, தம்பியைக் கண்டதும் இப்படிச் செய்கிறாள் என்போம். வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லி, இடைவேளையில் ஆயாம்மா கூட்டிப்போகும்படி கேளுங்கள். வீட்டில், சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. மலச்சிக்கல்தான் என்று டாக்டர் சொன்னால் மலத்தை இளக்கும் மருந்து தருவார். அதைச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைக்கும் வைத்தியம் வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வலித்த பிள்ளை இன்னும் அதிகமாக அடக்கும். ராத்திரியில் படுக்கையை நனைத்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வயது வரை அதை நாங்கள் நோயாகவே எண்ணுவதில்லை.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "அப்பாவைப் பார்க்காமல் தூங்க மாட்டாள்" என்பது. அவர் வருவது ஒன்பதரை. கை கால் கழுவிச் சாப்பிட்டு, பாப்பாவோடு கொஞ்சம் விளையாடி, விளக்கை அணைக்கும்போது பத்தரையாவது இருக்கும். பள்ளி வேனுக்கு ஆறரைக்காவது எழுப்புவீர்கள். கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்சக் கணக்கை வைத்தாலும் தினம் இரண்டு மணி நேரம் கடன். தூக்கம் போதாவிட்டால் நாம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம். நாலு வயது அப்படி உட்காராது. ஆட்டம் கூடும், சின்னதுக்கெல்லாம் அழுகை வரும், கை நீளும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் அவள் அதிகம் கிள்ளுகிறாளா என்று பாருங்கள்.

அப்பாவுக்காக விழித்திருக்கும் பிள்ளையைத் தூங்கப் போ என்று அதட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அப்பா வேண்டும், அதில் என்ன தப்பு? ராத்திரி கிடைக்கிற அப்பாவைக் காலைக்கு மாற்றுங்கள் என்கிறேன். எட்டரை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் ஏழு மணிக்கு வீட்டில்தானே இருப்பார். பல் துலக்கி, குளிப்பாட்டி, யூனிபார்ம் மாட்டி, வேன் ஏற்றிவிடுவது வரை அப்பாவின் வேலை. தலை பின்ன வராவிட்டால் நீங்கள் பின்னுங்கள், மற்றதெல்லாம் அவர். ராத்திரி எட்டரைக்கு விளக்கை அணையுங்கள். முதல் வாரம் அழுவாள், நிச்சயம் அழுவாள். "காலையில அப்பாதான் குளிக்க வைப்பாரு" என்பதை மட்டும் சொல்லுங்கள், அது நடக்கவும் வேண்டும். இரண்டு நாள் அவர் அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கினால் இந்த ஏற்பாடு கவிழ்ந்துவிடும். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி வெட்டிவிட்டு வருகிறவரிடம் இதைக் கேட்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது ராத்திரி பத்து மணிக்கு அவருக்குக் கிடைப்பது தூக்கக் கலக்கத்தில் அழுகிற மகள். காலையில் கிடைப்பவள் வேறு ஆளாக இருப்பாள். சனிக்கிழமை மட்டும் விதிவிலக்கு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஏதாவது தின்பண்டத்தோடு வரும் அப்பாவுக்காக அன்று அவள் விழித்திருக்கட்டும்.

சாப்பாட்டிலும் முக்கால்வாசி நேரக் கோளாறுதான். பாப்பா வேனிலிருந்து இறங்கும்போது அவளுக்கு உண்மையான பசி இருக்கும். அந்தப் பசியை ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் தின்றுவிடுகின்றன. பிறகு எட்டு மணிக்கு, பசியும் இல்லாமல் தூக்கமும் வந்துகொண்டிருக்கிற பிள்ளை முன்னால் தட்டை வைத்தால் போன் இல்லாமல் எப்படி இறங்கும்? மதியம் வடித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை எதுவாக இருந்தாலும் அதை நாலு மணிக்கே வையுங்கள். அவளுக்கு அதுதான் பெரிய சாப்பாடு. ஏழு மணிக்கு ஒரு இட்லியோ அரைத் தோசையோ போதும், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதிலும் நமக்குக் கணக்கு தப்புகிறது. முதல் வருஷத்தில் குழந்தை பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகிறது. இந்த வயதில் வருஷத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். கைக்குழந்தையில் இருந்த பசி இப்போது இருக்காது, இருக்கவும் வேண்டாம். பாலை மட்டும் நாளுக்கு 400 மில்லிக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள், அதாவது இரண்டு சின்ன டம்ளர். பால் வயிற்றை நிரப்பும், இரும்புச்சத்து தராது. நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சிறுநீர் பார்க்கப் போகும்போது ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருக்கும் பிள்ளைக்குப் பசியும் எடுக்காது, சிடுசிடுப்பும் கூடும். அதையும் நாம் பொறாமைக் கணக்கில்தான் எழுதுவோம்.

செல்போனைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் எடுப்பதுதான் எளிது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்று போனவர்கள் ஜெயித்து நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். அக்கா பார்க்கும்போது பக்கத்தில் தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பான், அதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவாள். அதனால் ஒன்றும் ஆகாது. போன் இருந்த இடத்தில் தம்பியை உட்கார வையுங்கள். பத்து மாதக் குழந்தைக்கு மிக்ஸியில் அரைத்த கூழ் தேவையில்லை. உங்கள் சாப்பாட்டையே காரம் போடுவதற்கு முன் எடுத்து, நன்றாகக் குழையப் பிசைந்து கொடுக்கலாம். அவன் தட்டில் சோற்றை அள்ளி வாரி இறைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டே அவள் நாலு வாய் சாப்பிடுவாள்.

இப்போது பொறாமை. அது இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எப்போது வந்தது என்று பாருங்கள். தம்பி பிறந்து பத்து மாதம் ஆகிறது, நீங்கள் சொல்வது இரண்டு மூன்று மாதமாக. அதாவது அவன் தவழ ஆரம்பித்த பிறகு. இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிறந்த புதிதில் எல்லாரும் மூத்ததைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் தம்பிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டு சமர்த்தாக இருக்கும். 'எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே இல்லை டாக்டர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அதே அம்மா என் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருப்பார். தொட்டிலில் கிடக்கும் வரை தம்பி ஒரு பொம்மை. தவழ ஆரம்பித்ததும் அவன் பங்காளி. அவள் நோட்டைக் கிழிக்கிறான், கிரேயானைக் கடிக்கிறான், அடுக்கி வைத்த சொப்புச் சாமானைக் கலைக்கிறான். எல்லாரும் 'அட, என் ராசா' என்று கை தட்டுகிறீர்கள். அதையே அவள் செய்தால் அடி விழுகிறது. எந்த நியாயஸ்தர் இதை ஒத்துக்கொள்வார்?

லைன் வீட்டில் அவளுக்கென்று தனி அறைக்கு எங்கே போவது? ஒரு அறை தேவையில்லை, தம்பிக்கு எட்டாத உயரம் போதும். கட்டில் இருந்தால் கட்டில், இல்லாவிட்டால் அலமாரியில் ஒரு தட்டு. அங்கே வைத்ததைத் தம்பி தொட முடியாது, அவள் அனுமதி இல்லாமல் நீங்களும் எடுத்து அவனுக்குத் தரக் கூடாது. அவன் அழுதாலும் தரக் கூடாது. "பெரிய பிள்ளைதானே, விட்டுக்கொடு" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பி இல்லாத வீட்டில் அவள்தான் கடைக்குட்டி. நாலு வயது இன்னும் குழந்தைதான்.

அப்புறம், ஆள் மாற்றம். பெரும்பாலான வீடுகளில் கைக்குழந்தை அம்மாவிடம், மூத்தது பாட்டியிடம் என்று தானாகவே பிரிந்துவிடும். தாய்ப்பால் நேரம் தவிர்த்து, அதைத் தினம் அரை மணி நேரமாவது திருப்பிப் போடுங்கள். "அத்தை, சாயங்காலம் தம்பியைக் கொஞ்ச நேரம் வாசல்ல வச்சிருங்க, அவன் உங்ககிட்டதான் சமத்தா இருக்கான்" என்று கேளுங்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார் என்ற வழக்கை அவரோடு நடத்தாதீர்கள். அதில் தீர்ப்பு வராது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அவர் நாலு வீடு தாண்டிப் போய்வந்தால் உங்களுக்கும் பாப்பாவுக்கும் அரை மணி கிடைக்கும். அதில் துணி மடிக்காதீர்கள். அவள் சொல்கிற விளையாட்டை விளையாடுங்கள். அவள் குழந்தையாகவும் நீங்கள் அம்மாவாகவும் விளையாடலாம் என்பாள். மடியில் போட்டுத் தாலாட்டச் சொன்னால் தாலாட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு, அம்மா தம்பிக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் சரியாக வெளிக்கு வரும், அம்மாதான் கழுவிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கண்டுபிடித்த தீர்வு, பால் கொடுக்க உட்காரும் முன்பே அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவனுக்கு அந்த நேரத்தில் வருவது நின்றுபோனது. நான் எழுதிக் கொடுத்த மருந்து சீட்டிலேயே இருந்தது.

அவள் தம்பியைத் தள்ளினால் கையைப் பிடித்து நிறுத்தி, "தள்ளக் கூடாது" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு அவனைத் தூக்குங்கள். மன்னிப்புக் கேட்க வைத்து, முத்தம் கொடுக்க வைத்து நாடகம் நடத்த வேண்டாம். இருவரையும் தனியாக விட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் தம்பியைப் பாத்துக்கோ" என்று மட்டும் எங்கேயும் போகாதீர்கள். தண்ணீர் விடுகிற நாளில் டிரம், பக்கெட், குண்டா என்று எல்லாவற்றையும் நிரப்பி வைப்பீர்கள். தவழ்கிற குழந்தை பக்கெட் விளிம்பைப் பிடித்து எழுந்து தலைகுப்புற விழுந்தால் அரை பக்கெட் தண்ணீர் போதும், சத்தமே கேட்காது. மூடி போடுங்கள், மூடி இல்லாததை அவனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாலு வயது அக்காவை அதற்குக் காவல் வைக்க முடியாது.

கரண்டி விஷயம். அடித்தது தப்பு, அது உங்களுக்கே தெரியும், நான் வேறு ஒரு தடவை சொல்லிக் குத்த வேண்டாம். அது எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதவில்லை. எட்டுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் என்று பந்தயம் கட்டத் தயார். மேலே சொன்னபடி சாப்பாடும் தூக்கமும் முன்னால் நகர்ந்தால் அந்த நேரமே வீட்டில் இருக்காது. பாப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்: "அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும்." அதோடு நிறுத்துங்கள். "நீ ஒழுங்கா சாப்பிட்டிருந்தா அடிச்சிருப்பேனா" என்று வால் சேர்த்தால் சொன்னதே வீணாகிவிடும். அத்தை காதில் விழும்படி சொன்னாலும் நல்லதுதான்.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி, தூக்கமில்லை என்று. பத்து மாதமாகப் பால் கொடுக்கும் உடம்பு. பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கும்போது உங்கள் ஹீமோகுளோபினையும் பாருங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகும் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, அழுகை, 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்கிற நினைப்பு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு வைத்தியம் உண்டு. அந்தக் கடைசி நினைப்பு மட்டும் ஒரு தடவை வந்தாலே காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டர் வேண்டுமா என்று கேட்டீர்களே, பாப்பாவுக்கு இப்போது வேண்டாம். உடம்புப் பரிசோதனை முடிந்து, தூக்கமும் சாப்பாடும் சரியாகி இரண்டு மாதம் ஆன பிறகும் இப்படியே இருந்தால், அல்லது பேச்சு குறைந்தால், மற்றப் பிள்ளைகளோடு சேர மறுத்தால் அப்போது பார்க்கலாம். ஆமாம், தம்பிக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாயிற்றா? இந்தக் கலவரத்தில் அது தவறியிருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

பால் பாட்டிலை மறந்துவிட்டேன். அவளுக்குக் கொடுக்கலாமா என்றால், அவனுக்கே வேண்டாம் என்பேன். பாட்டிலைச் சுத்தமாக வைப்பது கஷ்டம், அதனால் வயிற்றுப்போக்கு வரும். பாட்டில் விளம்பரத்துக்கே 1992-ல் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். தாய்ப்பாலைத் தொடருங்கள். மற்றபடி பத்து மாதப் பிள்ளை நீங்கள் பிடித்துக்கொண்டால் சின்ன டம்ளரில் குடிப்பான். டம்ளரில் எப்படிக் குடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பாப்பாவிடம் கொடுங்கள். முதல் வாரம் பாதிக்கு மேல் சட்டையில்தான் ஊற்றுவார்கள், இரண்டு பேரும். ஒரு பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.